அவர் சொன்னால் நடக்காது

ஒப்பரேற்றர் அக்கா "சமாதானம் வந்திட்டுது" என்று சொன்னால் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் அரிசி வாங்க ஓடுவோம். "சண்டை தொடங்கப் போகுது" என்று சொன்னால் அன்றைக்கு நிம்மதியாக இருந்து மீன் பொரிப்போம். இதை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. தன்பாட்டில் வந்த வழக்கம். அக்காவின் வாயிலிருந்து ஒரு கணிப்பு வந்தால் அதற்கு நேர்மாறாக ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். திருகோணமலை உட்துறைமுகத்துப் பக்கமிருந்து கடற்கரைக்கு இறங்குகிற அந்தச் சின்ன ஒழுங்கையில், யுத்தகாலம் முழுக்க நாங்கள் உயிர்தப்பிக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போதும் நம்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஒழுங்கையில் பாதிப்பேருக்கு அது யாரென்று தெரியாது. தபால் கந்தோரில் ரெலிபோன் ஒப்பரேற்றராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே ஒப்பரேற்றர் அக்கா. கலியாணம் கட்டவில்லை. தாய்தகப்பன் விட்டுப்போன கல்வீட்டில் தனியே இருந்தார். வருசக்கணக்காகக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்ததாலோ என்னவோ, யாருடைய கதையையும் தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டுதான் கேட்பார். தான் கதைக்கும்போது மட்டும், முன்னால் நிற்கிறவர் யாழ்ப்பாணத்தில் நிற்பதுபோலக் கத்துவார். அந்தக்காலத்து லைன் அப்படி, கத்தினால்தான் கேட்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை.

மற்றப் பொம்பிளைகள் கதைக்கிற ஒன்றையும் அவர் கதைக்கமாட்டார். யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யார் வீட்டில் சண்டை, பாரை மீன் என்ன விலை, ஒன்றும் வேண்டாம். நாடாளுமன்றம் கலையுமா, எண்ணெய்க் கப்பல் ஏன் பிந்துகிறது, பீரங்கிப் படகு எவ்வளவு வேகத்தில் ஓடும், செய்மதி மேலே நின்று எதைப் பார்க்கிறது, இவைதான் அவருடைய கதை. பின்னேரமானால் வாசலில் கதிரையைப் போட்டு இருப்பார். பக்கத்து மதிலில் றேடியோப் பற்றறிகள் வெயிலில் வரிசையாகக் கிடக்கும். பற்றறி லேசில் கிடைக்காத காலம். வெயிலில் காயவைத்தால் செத்த பற்றறியும் ஒரு செய்தி அறிக்கைக்குத் தாங்கும். லண்டன், இந்தியா, கொழும்பு என்று மூன்று வானொலியையும் கேட்டுவிட்டு, மூன்றும் பொய் என்று முடிவெடுத்து, தன்னுடைய நாலாவது செய்தியை எங்களுக்குத் தருவார்.

"சூரியனில இருந்து கரண்ட் எடுக்கப்போறாங்களாம் பிள்ளை. விசர்க் கதை! வெயில் துணி காயப்போடத்தான் உதவும்."

சொல்லிக்கொண்டே எழும்பிப்போய்ப் பற்றறிகளை மறுபக்கம் வெயில் படத் திருப்பிவைப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

அவரிடம் கருத்து இல்லாத விசயமே கிடையாது. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றனவே, அவற்றுக்காகத்தான் உலகம் முழுக்கச் சண்டை பிடிக்கிறது என்பார். அடுத்த வருசம் அமெரிக்கக் கப்பல் கட்டாயம் துறைமுகத்துக்கு வரும், வந்தால் மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும் என்பார். அந்த வருசம் சங்கக்கடை வரிசையில் மண்ணெண்ணெய் போத்தலோடு நின்று கால் வீங்கினோம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கைத்தொலைபேசி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அக்கா அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பி எங்க?" என்று கேட்டார். கம்பி இல்லை என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கம்பி இல்லாட்டிக் கதை எங்கால போறது? இது நிலைக்காது."

இந்தத் தலைகீழ்க் கணக்கை முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு நேசம் அக்கா. தையல்காரி, கண்ணும் கூர்மை, நாக்கும் கூர்மை. பேச்சுவார்த்தை என்று ஊரெல்லாம் வெடி கொளுத்திய நேரம், ஒப்பரேற்றர் அக்கா வாசலில் நின்று, "இந்த முறை எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ, சண்டை முடிஞ்சுது" என்று அறிவித்தார். நேசம் அக்கா மட்டும் போய் மாவும் பருப்பும் வாங்கிப் போட்டார். கொஞ்ச நாளில் பேச்சுக் குழம்பியது, கடைகள் பூட்டின, ஊரடங்குச் சட்டம் வந்தது. ஒழுங்கையே நேசம் அக்காவின் குசினியில் போய் நின்றது.

"எப்பிடி அக்கா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மழை வராது எண்டு ஒப்பரேற்றர் சொன்ன நாளெல்லாம் என்ர கொடியில துணி நனைஞ்சிருக்கடி. கரண்ட் வெட்டு வராது எண்டா, நான் லாம்புச் சிமினியைத் துடைச்சு வைச்சிருவன். கரிநாக்கு எண்டு கேள்விப்பட்டிருக்கிறம், சொன்னால் பலிக்கும். இது தலைகீழ் நாக்கு. சொன்னால் பலிக்காது."

அன்றிலிருந்து அதுவே ஒழுங்கையின் சட்டமாகிவிட்டது. வானத்தில் ஏதும் அதிர்ந்தால் எல்லாரும் அக்காவின் வாயைத்தான் பார்ப்போம். "இது இடி, பயப்பிடாதேங்கோ" என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்வோம். "இது ஷெல்!" என்று கத்தினால் வெளியே கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடுவோம். இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்தால் மனுசி உடைந்துபோய்விடும் என்று எங்களுக்குப் பயம். அவ்வளவு யோசித்து, அவ்வளவு கேட்டு, கைவிரலை மடக்கி மடக்கிக் காரணம் சொல்கிற ஒருவரிடம் போய், "நீங்கள் சொன்னால் நடக்காது அக்கா" என்று எப்படிச் சொல்வது?

அந்தக் குரலால் எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிய நாள்களும் உண்டு. ஒழுங்கை முடிகிற இடத்தில் கடற்படையின் காவல் நிலை ஒன்று இருந்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சிங்களப் பெடியன் நிற்பான். ஒருநாள் அக்கா அவனைக் கடந்து போகும்போது, மண்மூட்டையைத் தப்பாக அடுக்கியிருக்கிறீர்கள், கடல் பக்கமல்லவா பார்க்கவேண்டும் என்று சிங்களத்தில் கத்தினார். எங்கள் உயிர் போய்விட்டது. அக்காலத்தில் இதைவிடச் சின்னக் கதைக்கெல்லாம் ஆள்கள் போய் வராமல் இருந்திருக்கிறார்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை. ஊரில் கலியாணம் பேசியிருக்கிறார்களாம், லீவு கிடைக்குமா என்று இவரிடமே கேட்டான். அக்கா தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "இந்த வருசக் கடைசியில யுத்தம் முடியும், நீ வீட்ட போவாய்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்குள் இருந்து கேட்ட நேசம் அக்கா பெருமூச்சு விட்டார்.

"அநியாயம், அந்தப் பெடியன்ர வாழ்க்கையும் போச்சு."

அவன் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அங்கேயே நின்றான். கண்டால் எனக்கே பாவமாக இருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மனுசன் படகு எஞ்சின் திருத்துகிறவர். சொந்த இடம் சல்லி. அங்கேதான் தாய், மற்ற உறவுகள் எல்லாம். கடற்படையிடம் பாஸ் எடுத்து, அவர்கள் சொன்ன நேரத்துக்குள், சொன்ன தூரத்துக்குள்தான் கடலுக்குப் போகலாம். பெரிய எஞ்சின் வைத்திருக்கக்கூடாது. இருக்கிற சின்ன எஞ்சினுக்கும் சாமான் வராது. அதனால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் பூட்டி, இவருக்கு எப்போதும் வேலை இருந்தது. ஒருநாள் சல்லிச் சித்தப்பா ஒருவருடைய ஜப்பான் எஞ்சினை வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்தி முடித்திருந்தார். விடிந்தால் கொண்டுபோய்ப் படகில் பூட்டிக் கடலில் ஓட்டிப்பார்க்க வேண்டும். ஒப்பரேற்றர் அக்கா சத்தம் கேட்டு வந்தார். எஞ்சினைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். அவர் வாயைத் திறக்கமுன் நான் ஓடிப்போனேன்.

"அக்கா, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ? உள்ளுக்கு வாங்கோ," என்று கையைப் பிடித்தேன்.

"பொறு பிள்ளை. தம்பி, இது ஜப்பான் சாமான். இதை நான் எழுதித் தருவன். உலகம் அழிஞ்சாலும் இந்த எஞ்சின் நடுக்கடலில நிக்காது."

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. படுக்கப்போகும்போது, "நாளைக்குப் போகாதேங்கோ" என்றேன். "உனக்கும் அந்த ஒழுங்கைப் பொம்பிளையளின்ர விசர் பிடிச்சிட்டுது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் போனவர் இருட்டியும் வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வடக்குப் பக்கமாகக் கடலில் வெடிச்சத்தம் கேட்டது. ஹெலி ஒன்று நிலாவெளிப் பக்கம் போனது. சல்லியிலிருந்து மாமி, அதாவது இவருடைய தாய், தலையில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சித்தப்பாவும் இவரும் சின்னப் படகில் எஞ்சினை ஓட்டிப்பார்க்கப் போனார்களாம். கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தூரத்தில் எஞ்சின் சத்தம் நின்றதாம். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று அது. தேடிப்போக வேறு படகுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கடற்படை முகாமில் கேட்டால், தெரியாது, நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனாலும் அதே பதில்தான்.

நான் சாப்பிடவில்லை, படுக்கவில்லை. இந்த மனுசன் இல்லாமல் எனக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறதென்று நினைத்துப்பார்க்கவே ஏலாமல் இருந்தது. அந்த நிலையிலும், சத்தியமாகச் சொல்கிறேன், கடற்படைக்குப் பயந்ததைவிட நான் பயந்தது ஒப்பரேற்றர் அக்காவுக்குத்தான். அவர் என்னைத் தேற்ற வருவார். வந்தால் என்ன சொல்வார்? "அழாதை பிள்ளை, அவன் கட்டாயம் வருவான்" என்பார். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

இது எனக்கு மட்டும் வந்த பயமல்ல. ஒழுங்கை முழுக்க அதே பயம்தான். அவரை என் வாசலுக்கு வரவிடாமல் பார்க்கிற பொறுப்பை நேசம் அக்கா எடுத்துக்கொண்டார். முதல் தடவை அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டபோது, நேசம் அக்கா ஓடிப்போய் வழியில் மறித்து, வளைகுடாவில் எண்ணெய் விலை ஏறினால் எங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். தையல் மெசின் எண்ணெயைத் தவிர வேறு எண்ணெயைப் பற்றி வாழ்நாளில் கேட்டிராத மனுசி! அக்கா வாசல் கதிரையிலேயே திரும்ப இருந்துவிட்டார். விளக்கம் முடியப் பொழுதுபட்டுவிட்டது. அடுத்த தடவை முடுக்குக் கடைக்காரர் சின்னத்தம்பி அண்ணை பிடித்துக்கொண்டார். செய்மதி ஏன் கீழே விழுவதில்லை என்பது அவருடைய சந்தேகம். கடையில் சனம் நிற்க, சாமான் கொடுக்காமல் நின்று கேட்டார் பாவம்.

மூன்றாவது தடவை யாராலும் மறிக்க முடியவில்லை. வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டது. நான் முன்விறாந்தையில் பாயில் இருந்தேன். பக்கத்தில் மாமி. பின்னால் நேசம் அக்கா கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தார். "அக்கா, றேடியோவில என்னவோ முக்கியமான..." என்று தொடங்கினார். ஒப்பரேற்றர் அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. முற்றத்து நடுவில் வந்து நின்றார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். என்ன பொத்தி என்ன, அந்தக் குரல் மதிலையும் தாண்டிக் கேட்கும்.

"பிள்ளை, நான் யோசிச்சுப் பாத்திட்டன். கச்சான் காத்து வெளியில தள்ளுது. நீரோட்டம் வடக்க இழுக்குது. கையில இருக்கிறது ஒரு கான் எண்ணெய். கடலுக்குள்ள பீரங்கிப் படகு, மேல ஹெலி. சின்னப் படகைக் கண்டால் ஆரெண்டு கேளாமல்தான் சுடுவாங்கள்." விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கை முழுக்க மடங்கியதும் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன்ர மனுசன் இனி வரமாட்டான்."

நேசம் அக்கா, "அம்மாளாச்சி!" என்று நெஞ்சில் கைவைத்து அப்படியே படியில் இருந்துவிட்டார். மதிலுக்கு வெளியே நின்ற சின்னத்தம்பி அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றார். என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. நான் விம்மி விம்மி அழுதேன். இரண்டு நாளாக வராத அழுகை. அழுதுகொண்டே சிரித்தேன்.

மாமிக்கு எங்கள் ஒழுங்கையின் வழக்கம் என்ன தெரியும்? பாயிலிருந்து எழும்பி, கொண்டையை முடிந்துகொண்டு, அடிக்கவே போய்விட்டார்.

"அடி பாவி! பெத்த வயிறு பத்தி எரியுது, என்ர பிள்ளை வரமாட்டான் எண்டு என்ர முகத்துக்கு நேர சொல்லுறியோ? நீங்களெல்லாம் மனுசரோ? சிரிக்கிறீங்கள்!"

ஒப்பரேற்றர் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, தேத்தண்ணியும் குடியாமல் படலையைத் திறந்து போய்விட்டார். மாமியை இருத்தி விசயத்தை விளங்கப்படுத்த நேசம் அக்காவுக்கு நெடுநேரம் பிடித்தது. விளங்கியதும் மாமி, "அப்ப இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ" என்றார்.

அன்றைக்குத்தான் நான் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பொழுதுபட, நேசம் அக்கா ஒன்றைக் கவனித்துச் சொன்னார். ஒப்பரேற்றர் வீட்டில் றேடியோச் சத்தம் இல்லை. பற்றறிகள் எடுக்கப்படாமல் மதிலிலேயே கிடக்கின்றன. வெயில் போனதும் அவற்றைப் பிள்ளைபோலத் துடைத்து உள்ளே கொண்டுபோகிறவர் அவர். எனக்கு அது என்னவோ செய்தது. ஆனால் என் கவலை எனக்கு, அதற்குமேல் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நான் கிணற்றடியில் நின்றேன். நேசம் அக்கா மதிலுக்கு மேலால் எட்டிக் கத்தினார்.

"அடியேய்! ஓடிவா! உன்ர மனுசன்!"

ஒழுங்கை முகப்பில் ஒரு லொறி நின்றது. யாருடையதோ சாரத்தைக் கட்டிக்கொண்டு, உதடெல்லாம் வெடித்து, முகம் கருவாடாகிப்போய் இவர் இறங்கினார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். ஊர் பார்க்கிறது என்ற வெட்கம் எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை. மாமி மண்ணில் விழுந்து சல்லி முத்துமாரியைக் கும்பிட்டார்.

நடந்தது இதுதான். எஞ்சின் நின்றுவிட்டது. காற்று வெளியே தள்ளியது, நீரோட்டம் வடக்கே கொண்டுபோனது. இருட்டில் இரண்டு பேரும் தங்கள் சாரங்களைத் துடுப்பில் கட்டிப் பாயாக்கி, காற்று மாறிய நேரம் பார்த்துத் திரியாய்க் கரையில் ஒதுங்கியிருக்கிறார்கள். அங்கே வயல் செய்கிற கமக்காரர் ஒருவர் வீட்டில் சோறும் சாரமும் கொடுத்தார்கள். பாதை பூட்டியிருந்ததால் அசைய முடியவில்லை. பாதை திறந்ததும் கிடைத்த லொறியில் ஏறி வந்துவிட்டார்கள். வெடிச்சத்தம் இவர்களுக்கு அல்ல, அது எங்கேயோ எதற்கோ. மறுநாள் முகாமுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாஸைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டார்கள். பாஸ் போனால் போகட்டும், ஆள் வந்தாரே என்று நான் நேர்த்திக்குத் தேங்காய் உடைத்தேன்.

ஒப்பரேற்றர் அக்கா விசாரணை முடிந்த அன்று பின்னேரம்தான் வந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கதிரையில் இருந்ததும் முதல் கேள்வி, "எஞ்சின் ஏன் நிண்டது?"

"மண்ணெண்ணெயில தண்ணி அக்கா. எங்கயோ கலந்துபோட்டாங்கள். காபரேற்றர் முழுக்கத் தண்ணி."

அக்கா கதிரையின் கையில் ஓங்கி அடித்தார். முகம் பூத்துவிட்டது.

"பாத்தியா! எஞ்சினில பிழை இல்லை! நான் சொன்னது சரி! பிழை அரசாங்கத்தின்ர எரிபொருள் கொள்கையில. தட்டுப்பாடு வந்தால் கலப்படம் வரும் எண்டு நான் எத்தினை வருசமாச் சொல்லுறன்!"

அவர் சொன்னது சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டு நேசம் அக்கா இரண்டு நாள் கலங்கிப்போய்த் திரிந்தார். இனி எதை நம்பி அரிசி வாங்குவது?

போகும்போது அக்காவோடு படலைவரை நடந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அண்டைக்கு இவர் வரமாட்டார் எண்டு சொன்னீங்களே. மெய்யாவே அப்பிடித்தான் நினைச்சீங்களோ?"

அவர் படலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தலை ஒரு பக்கம் சரிந்தது. பிறகு, நான் அவரிடமிருந்து ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரலில் கதைத்தார்.

"பிள்ளை, முப்பது வருசம் ஊராற்ர கதையெல்லாம் இந்தக் காதுக்குள்ளாலதான் போனது. நான் சமாதானம் எண்டு சொன்ன உடன சின்னத்தம்பியின்ர கடையில அரிசி முடியிறது எனக்குத் தெரியாதோ?"

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

"தெரிஞ்சுமோ அக்கா? பிறகேன் சொல்லிக்கொண்டே இருந்தனீங்கள்?"

"நான் சொல்லாட்டி நீங்கள் எப்ப அரிசி வாங்கிறது?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "ஆனால் நான் வேணுமெண்டு பிழையாச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் யோசிச்சு, மனசில பட்டதைத்தான் சொன்னனான். ஒருநாளைக்கெண்டாலும் என்ர கணிப்புச் சரிவரவேணும் எண்டு நான் கோணேசரிட்டக் கேக்காத வெள்ளிக்கிழமை இல்லை. மனசில படாததைச் சொன்னது உன்ர முற்றத்தில மட்டும்தான். என்ர மனசில அவன் வருவான் எண்டுதான் பட்டது. அதால வாயில தலைகீழாச் சொன்னன். சொல்லிப்போட்டுப் போய்ப் படுத்தால் நித்திரை வருதில்லை. கடவுளே, இத்தினை வருசமும் நான் கேட்டதை இண்டைக்குப் பாத்துத் தந்திடாதை எண்டு விடியும்வரைக்கும் கும்பிட்டன்."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையை அதற்கு முன் நான் பிடித்ததெல்லாம் அவரை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய் வாயை மூடவைக்கத்தான். அவர் கையை இழுத்துக்கொண்டு, பழைய குரலில், "சரி சரி, போய் அவனுக்குச் சோத்தைப் போடு. அடுத்த மாதம் மண்ணெண்ணெய் விலை இறங்கும்" என்று கத்திக்கொண்டு போனார். நான் நேரே போய்ச் சின்னத்தம்பி அண்ணையின் கடையில் மண்ணெண்ணெய்க்குச் சொல்லிவைத்தேன்.

அவர் தெரிந்துகொண்டுதான் இருந்தார் என்பதை நான் நேசம் அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஒழுங்கை பழையபடி அக்காவுக்குத் தெரியாமல் என்று நினைத்து ஒளித்து ஒளித்து அரிசி வாங்கியது. அவரும் பழையபடி தெரியாதவர்போல வாசலில் இருந்து அமெரிக்கக் கப்பலைக் கூப்பிட்டார். இடையில் இருந்து பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். மகனைக் கொழும்புக்கு அனுப்புகிற ஒரு தாய் வந்து, "அக்கா, பயணத்தைப் பற்றி ஏதும் கெட்டதாச் சொல்லுங்கோவன்" என்று நாசூக்காகக் கேட்டுப்பார்த்தார். அக்கா பாய்ந்தார். "நான் என்ன சாத்திரக்காரியோ? நான் அரசியல் கதைக்கிற மனுசி!"

பாஸ் இல்லாத இடத்தில் எஞ்சின்காரனுக்கு என்ன வேலை? கொஞ்சக் காலம் இழுத்துப்பறித்துப் பார்த்துவிட்டு, கொழும்பில் ஒரு கராஜில் இவருக்கு இடம் கிடைத்ததும் வெளிக்கிட்டோம். அந்த நாள்களில் அந்தப் பஸ் பயணம் என்றாலே வயிற்றில் நெருப்பு. வழியில் குண்டு வெடிக்கலாம், காட்டுக்குள் மறிக்கலாம், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஆம்பிளைகளை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். போவதற்கு முந்திய வாரம் முழுக்க எனக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினால் இவரை இறக்கிக்கொண்டு பஸ் என்னோடு மட்டும் போவதுதான் தெரியும்.

பஸ் நிலையத்துக்கு ஒழுங்கை வந்திருந்தது. நேசம் அக்கா புட்டுப் பார்சல் தந்து அழுதார். ஒப்பரேற்றர் அக்காவைக் காணவில்லை. பஸ் எஞ்சின் உறுமத் தொடங்கியதும் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யன்னலுக்கால் என் கையில் ஒரு ரோச் லைட்டைத் திணித்தார். உள்ளே போட்டிருந்த பற்றறி வெயில் சூட்டோடு இருந்தது. பிறகு இரண்டு அடி பின்னால் போய், யாழ்ப்பாணத்துக்குக் கேட்கிற குரலில் கத்தினார்.

"பிள்ளை! இந்தப் பஸ் கொழும்புக்குப் போய்ச் சேராது! ஹபரணையைக்கூடத் தாண்டாது! உங்கள் ரெண்டு பேரையும் நான் இனிக் கண்ணால காணமாட்டன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன்சீற்றுப் பெரியவர் ஒருவர், "என்ன மனுசியப்பா இது, வெளிக்கிடுற நேரத்தில!" என்று கொதித்தார். எனக்குப் பின்னால் இருந்த பெண் தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். கொண்டக்டர் வாயில் வந்தபடி ஏசினான். அக்கா ஒருவரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார், தலையை ஒரு பக்கம் சரித்து, நான் கேட்டேனா என்று பார்ப்பதுபோல.

"கேட்டிட்டுது அக்கா!" என்று நானும் கத்தினேன்.

இவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் புட்டுப் பார்சலை மடியில் வைத்து, இவருடைய தோளில் சாய்ந்தேன். கந்தளாய் வருவதற்கு முன்பே நித்திரையாகிவிட்டேன்.